நடுவழியில் நின்ற வண்டியில் யார் பேச வேண்டும்? ரயில் ஒலிபெருக்கிகளுக்கான செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ஆனாலும் சென்னைக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பிழைப்பே ரயிலை நம்பித்தான். விடிகாலைப் பேருந்தில் செங்கல்பட்டு, அங்கிருந்து கடற்கரை வண்டி. சிலர் காஞ்சிபுரமோ வாலாஜாபாத்தோ போய்த் திருமால்பூர் தடத்து வண்டியைப் பிடிப்பார்கள். பேருந்தில் இருக்கும்வரை ஒரு தைரியம் உண்டு. வழியில் டயர் வெடித்தால் கண்டக்டர் படியில் நின்று ஒரு குரல் கொடுப்பார்; கடைசி சீட்டுக்கும் கேட்டுவிடும். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலின் நீளமோ சுமார் 250 மீட்டர். ஓட்டுநர் ஒரு நுனியில், கார்டு மறு நுனியில், இடையில் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு ஒரு சேதி போய்ச் சேர இருக்கிற ஒரே வழி, பெட்டியின் கூரையில் துளைத்தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்.

‘அடுத்த நிலையம் பரனூர்’ என்று சொல்லத்தான் அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரேக்குக்கும் சிக்னலுக்கும் சமமாக வைக்க வேண்டிய சாமான் அது. இரண்டு விபத்துகளைச் சொன்னால் போதும். 2013 நவம்பர் 2 அன்று ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் கொத்லம் அருகே ஆலப்புழை–தன்பாத் விரைவு வண்டியில் தீ என்று வதந்தி கிளம்பியது. வண்டி நின்றதும் குதித்தவர்கள் மீது பக்கத்துப் பாதையில் வந்த பயணிகள் ரயில் மோதி, குறைந்தது 8 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் புஷ்பக் விரைவு வண்டியில் அப்படியே மறுபடியும்: தீ என்ற பேச்சு, சங்கிலி இழுப்பு, இறங்கி நின்றவர்கள் மேல் கர்நாடகா விரைவு வண்டி. 12 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். இரண்டு வண்டியிலும் தீ யாரையும் கொல்லவில்லை. நம் விரைவு வண்டிகளின் பொதுப் பெட்டிகளிலும் ஸ்லீப்பர் பெட்டிகளிலும் பெரும்பாலானவற்றில் காரணம் சொல்ல ஒரு குரல் கிடையாது. யாரும் பேசாத பெட்டியில் வதந்தி பேசுகிறது. மக்கள் அதைக் கேட்டு நடக்கிறார்கள்.

பட்டியல் போட்டு எழுதுவது நம் ஊருக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது, ஊர்ச்சபை வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற பட்டியல்தானே? 35 வயதுக்கு மேல், 70-க்குள், கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகளைச் சுருக்கமாக முடித்துவிட்டு, கணக்குக் காட்டாதவர், அவர் உறவினர் என்று ஆகாதவர்களைத்தான் நீட்டி எழுதினார்கள். கீழே வரும் பட்டியலிலும் ‘கூடாது’ சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

பழைய ஏற்பாடு எளிமையானது. கார்டு அறையில் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து பெட்டி பெட்டியாகத் தாண்டிப் போகும் ஒரு ஜோடிக் கம்பி. நான்காம் பெட்டிக்கும் ஐந்தாம் பெட்டிக்கும் இடையே உள்ள கனெக்டரில் மழைத்தண்ணீர் இறங்கினால் அதற்குப் பின்னால் அத்தனை பெட்டியும் ஊமை. புதிய வண்டிகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக நெட்வொர்க் ஸ்விட்ச், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்கள், பயணி பேசுவதற்கான டாக்பேக் பொத்தான் எல்லாம் உண்டு. ஓட்டுநரின் குரல் எண்களாக மாறி, பொட்டலம் பொட்டலமாக ஈதர்நெட் கேபிளில் ஓடி, எல்லாப் பெட்டியிலும் ஒரே சமயத்தில் மறுபடி குரலாகிறது. இதற்கு ஐ.இ.சி. 61375 என்ற சர்வதேச நெறிமுறை இருக்கிறது. பெட்டிகளைக் கோத்து மின்சாரம் கொடுத்ததும் ஸ்விட்சுகள் ஒன்றையொன்று விசாரித்து, எது முன்னால், எது பின்னால், எது திரும்பி நிற்கிறது என்று தாமே தீர்மானித்துக்கொள்ளும்.

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத்தின் முதல் ஓட்டம் 2019 பிப்ரவரி 15. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்தது 2025 ஏப்ரல் 19. கதவு தானாக மூடிக்கொள்ளும் இந்த வண்டிகளில் குரலின் பொறுப்பு இன்னும் கூடுதல். ஜன்னலில் தலையை நீட்டி ‘என்ன சார் ஆச்சு’ என்று பக்கத்துப் பெட்டியைக் கேட்க முடியாது.

பயணிகளுக்கு

செய்ய வேண்டியவை:

• டாக்பேக் உள்ள வண்டியானால், ஏறியதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் கதவை ஒட்டி, சின்னத் துளைத்தகடும் பொத்தானுமாக இருக்கும். தாம்பரத்தில் கூட்டம் ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது.

• பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுப் பொறுத்திருங்கள். மறுமுனையில் இருப்பவர் சிக்னலைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். விளக்கின் நிறம் மாறியோ குரல் வந்தோ இணைப்புக் கிடைத்தது தெரியும். விடாமல் குத்திக்கொண்டே இருப்பதால் அழைப்பு வேகமாகப் போகாது.

• பெட்டி எண், என்ன நடந்தது, எத்தனை பேருக்கு. இந்த மூன்றும் இந்த வரிசையில். “சார், இங்கே ஒருத்தர் விழுந்துட்டார், சீக்கிரம் வாங்க” என்றால் 250 மீட்டரில் ‘இங்கே’ எது? நல்ல கருவி எந்தப் பெட்டியிலிருந்து அழைப்பு என்று திரையில் காட்டும்தான். ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

• வண்டி நடுவழியில் நின்றால் காதிலிருப்பதைக் கழற்றுங்கள். பாட்டு எங்கேயும் போய்விடாது.

• ஒரகடம், மறைமலை நகர் பக்கம் வேலைக்குப் போகும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நம் தடத்தில் நிறையப் பேர். காது மங்கிய பெரியவர்களும் உண்டு. அறிவிப்பைக் கேட்டவர்கள் ‘இறங்காதே’ என்று கையால் காட்டிவிட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

டாக்பேக் எதற்கு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 9, திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத். டிக்கெட் இல்லாமல் கழிப்பறையில் ஒளிந்திருந்தவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். எச்சரிக்கை ஒலித்தது; தீயணைப்புக் கருவி தானாகவே பீய்ச்சியதில் பெட்டியில் புகைமூட்டம். பயணிகள் அவசரத் தொலைபேசியில் கார்டிடம் சொன்னார்கள். நெல்லூர் மாவட்டம் மனுபோலுவில் வண்டி நின்றது. ரயில்வே போலீசார் கழிப்பறைக் கண்ணாடியை உடைத்து ஆளை வெளியே எடுத்தார்கள். புகையைப் பார்த்துக் கலங்கியவர்களுக்கு யாரிடம் சொல்வது என்று தெரிந்திருந்தது. ஒரு உயிரும் போகவில்லை. ஜல்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை:

• கண்ணால் பார்க்காமல் ‘தீ’ என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்து வரும் வாடையும் புகையும் தீ என்றே தோன்றும். சந்தேகம் இருந்தால் டாக்பேக்கில் சொல்லுங்கள். பெட்டிக்குச் சொல்ல வேண்டாம்.

• சொல்லாமல் இறங்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு பாதை இருக்கும் பக்கம் கண்டிப்பாகக் கூடாது. நின்ற வண்டி மறைப்பதால் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி நின்றால், அதுவும் இரவில், கதவுப் பக்கமே போகாதீர்கள்.

• டாக்பேக் இருக்கும் பெட்டியில் சங்கிலியை முதலில் இழுக்காதீர்கள். சங்கிலி வண்டியை நிறுத்த மட்டும் தெரிந்த கருவி. எங்கே நிறுத்தும் என்று அதற்குத் தெரியாது. காரணமில்லாமல் இழுத்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• ஏசி குளிரவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பதற்கெல்லாம் அந்தப் பொத்தான் இல்லை. அதற்கு 139 இருக்கிறது.

• குழந்தை அழுகிறது என்று சிவப்புப் பொத்தானைக் காட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

• போனில் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு நாடகம் பார்ப்பது. இதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டுமா?

மைக் பிடிப்பவர்களுக்கு

கார்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2022 முதல் அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். பெயர் எதுவானாலும், ஓட்டுநரும் அவரும் மைக்கைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள் என்பது பயணிகளுக்குத் தெரியும். தயக்கத்துக்கு நியாயம் உண்டு. தவறாக எதையாவது சொல்லிவிட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சொல்லாமல் இருந்தால் யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கை மாற்ற வேண்டியவர்கள் மேலதிகாரிகள். ஆனால் மைக் கையில் இருக்கிறவரை சில காரியங்கள் அவராலேயே முடியும்.

செய்ய வேண்டியவை:

• நின்ற முதல் நிமிடத்திலேயே பேசுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். “வண்டி நிற்கிறது. காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாரும் கீழே இறங்க வேண்டாம். பக்கத்துப் பாதையில் வண்டி வரும்.” இவ்வளவுதான். பத்து விநாடி வேலை.

• என்ன செய்ய வேண்டும் என்பது முதலில், ஏன் என்பது பிறகு. கூட்டத்தில் முதல் வாக்கியம்தான் காதில் விழும்.

• இரண்டு தடவை சொல்லுங்கள். முதல் தடவை பேச்சை நிறுத்த வைக்கும், இரண்டாவது தடவை புரியும்.

• அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று சொல்லி, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் பேசுங்கள். “ஐந்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறேன்” என்ற வார்த்தை இருபது பேர் இறங்குவதைத் தடுக்கும்.

• வழி மாறும் நாளில் அதிகமாகப் பேசுங்கள். 2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் வண்டி. நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் ஏறுகிற அதே வண்டி. மேலே செல்லும் மின்கம்பியில் கோளாறு ஏற்பட்டு லோக்கல் வண்டிகள் விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி 5 பேர் இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் கிடையாது. தினமும் தொங்கிப் பழகிய உடம்புக்கு இது எப்படித் தெரியும்? படியில் தொங்குவது தப்புதான். ஆனால் பாதை மாறிய வண்டியில், “இந்த வண்டி இன்று விரைவுப் பாதையில் போகிறது, சுவர் பக்கத்தில் இருக்கிறது, படியில் நிற்காதீர்கள்” என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் சொல்வது, சொல்கிறவருக்கு ஒரு வேலையே இல்லை. இந்தப் பட்டியல் முழுவதிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

செய்யக்கூடாதவை:

• ‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்டுள்ள அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்’ என்ற வாக்கியத்தைத் தொடவே வேண்டாம். அதில் ஒரு தகவலும் இல்லை. வருத்தம் யாருக்கு வேண்டும்? வண்டி எப்போது கிளம்பும், அதுவரை என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

• துறைச் சொற்களைப் பயணிகளிடம் பேசாதீர்கள். ‘ஓ.எச்.இ. ஃபெயிலியர்’ என்றால் உங்களுக்கும் கன்ட்ரோலுக்கும் புரியும். பயணிக்கு ‘மேலே செல்லும் மின்கம்பி அறுந்திருக்கிறது, தொடாதீர்கள்’.

• மைக்கை ஊதாதீர்கள், தட்டாதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. பொத்தானை அழுத்திய ஒரு நொடிக்குப் பிறகே பேசத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ‘இறங்காதீர்கள்’ என்பதற்கு முந்தைய சொல் காற்றோடு போய்விடும்.

• இரும்புப் பாலத்தின் மேல் ஓடும்போது முக்கியமானதைச் சொல்லாதீர்கள். கடந்த பிறகு சொல்லுங்கள்.

• ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்று சொல்லிவிட்டு அதை மறந்துவிடாதீர்கள். 2003 பிப்ரவரி 18, தென்கொரியாவின் டேகு நகரச் சுரங்க ரயில். ஒருவன் ஒரு வண்டிக்குள் தீ வைத்தான். அதற்கு எதிரே இரண்டாவது வண்டி வந்து நின்றது. அதன் ஓட்டுநர் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே, பயணிகளை இருக்கையில் இருக்கும்படி அறிவித்தார். கடைசியில் சாவியை உருவிக்கொண்டு அவர் தப்ப, கதவுகள் மூடிக்கொண்டன. மொத்தம் 192 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வண்டியில் வந்தவர்கள், சொன்னபடி உட்கார்ந்திருந்தவர்கள். அங்கே ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. ஆகவே ‘இருங்கள்’ என்று ஒருமுறை சொன்னவர், நிலைமை மாறியதும் ‘இறங்குங்கள், எந்தப் பக்கம், எந்த வழி’ என்று சொல்லியே தீர வேண்டும். கதவைத் திறந்துவிடாமல் ஓட்டுநர் அறையை விட்டு நகரக்கூடாது.

ஷெட்டிலும் யார்டிலும் வேலை செய்பவர்களுக்கு

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்துவிட்டு இந்த வேலைகளுக்கு வருகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியை நீட்டுகிறேன்.

செய்ய வேண்டியவை:

• வண்டி காலையில் கிளம்பும் முன் ஒருவர் மைக்கில் பேச, இன்னொருவர் எல்லாப் பெட்டியிலும் நடந்து காதால் கேளுங்கள். திரையில் பச்சை விளக்கு எரிகிறது என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பச்சை. அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை எலி கடித்திருக்கலாம். கம்பியின் மின்தடையை அளந்தோ, காதுக்குக் கேட்காத மெல்லொலியை அனுப்பியோ ஸ்பீக்கர் வரை சோதிக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. அவை இருந்தாலும் காது இருக்கட்டும்.

• பேன்டோகிராஃபை இறக்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் சோதியுங்கள். மின்கம்பி அறுந்து வண்டி நிற்கும் நேரத்தில்தான் குரல் தேவை. அந்த நேரத்தில் இருப்பது பேட்டரி மட்டுமே. நியூட்ரல் செக்ஷனில் விளக்கு அணைந்து எரியும்போது ஸ்விட்சும் ஆம்ப்ளிஃபயரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். தொடங்கினால் மின்வழங்கியில் கோளாறு.

• நடுப்பெட்டியின் ஸ்விட்சுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி பேசுகிறதா என்று பாருங்கள். நல்ல ரயில் ஸ்விட்சில் பைபாஸ் ரிலே இருக்கும். தான் செத்தாலும் குரலைத் தாண்டிப் போகவிடும். விற்றவர் சொன்னார் என்று நம்பாமல் ஸ்விட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

• பெட்டியைக் கழற்றி மாட்டினால், எந்தப் பெட்டி எந்தத் திசையில் நிற்கிறது என்று நெட்வொர்க் சரியாக அறிந்ததா என்று சரிபாருங்கள். திரும்பிய பெட்டியைத் திரும்பாததாக அது எண்ணிவிட்டால், ‘கதவுகள் இடப்புறம் திறக்கும்’ என்ற அறிவிப்பு அந்தப் பெட்டியில் மட்டும் பொய்யாகும்.

• ஒரு பெட்டியின் ஸ்பீக்கர்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ஆம்ப்ளிஃபயரில் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போனாலும் பாதி ஸ்பீக்கர் பேசும். பெட்டி முழுக்க ஊமையாகாது.

• இரண்டு பெட்டிகளின் இணைப்புப் பாதையில் நின்று கேளுங்கள். எதிரொலி மாதிரி இரட்டைக் குரல் வந்தால் பெட்டிகளுக்குள் நேர ஒத்திசைவு கெட்டிருக்கிறது.

செய்யக்கூடாதவை:

• ஆபீசில் போடுகிற ஸ்விட்சை ‘தற்காலிகமாக’ மாட்டாதீர்கள். ரயிலில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஈ.என். 50155 தரத்தின்படி அது 77-க்கும் 137.5-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம். அதைத் தாங்கிப் பழகாத கருவி கோடையைத் தாண்டாது. தற்காலிகம் என்று மாட்டியதை யாரும் கழற்றுவதும் இல்லை.

• வீட்டு இன்டர்நெட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பின்னை எம்12 கனெக்டருக்குப் பதிலாகப் போடாதீர்கள். எம்12 திருகிப் பூட்டுவது. அதைக் கட்டிங் பிளேயரால் முறுக்கி மரையைக் கெடுப்பதும் அதே பாவம்.

• பயணிகளுக்கான வைஃபையும் அறிவிப்பும் ஒரே நெட்வொர்க்கில் ஓடக்கூடாது. கம்பெனி கொடுத்த கடவுச்சொல் அப்படியே இருக்கக்கூடாது.

• சாவி விஷயத்தில் அசட்டை கூடாது. 2023 மே மாதம் ஆஸ்திரியாவில் வியன்னா நோக்கிப் போன விரைவு வண்டியின் ஒலிபெருக்கியில் ஹிட்லரின் பேச்சு ஒலித்தது. கணினியை யாரும் உடைக்கவில்லை. ரயில் ஊழியர்கள் வைத்திருக்கும் வகைச் சாவியால் இன்டர்காமைத் திறந்து, ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். நம் பெட்டிகளின் மின்பலகைகளைச் சதுரச்சாவி ஒன்றால் யாரும் திறக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும்.

அதே 2023 ஆகஸ்டில் போலந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை, வேதனையான வேடிக்கை. அங்கே 150.100 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் குறிப்பிட்ட மூன்று ஒலிகளை அடுத்தடுத்து எழுப்பினால் அருகிலுள்ள வண்டிகள் தாமாக நின்றுவிடும். அவசரத்துக்கென்று செய்த ஏற்பாடு. ஒலியை எழுப்புவது யார் என்று சரிபார்க்க ஒன்றும் இல்லை. யாரோ எழுப்பினார்கள், 20-க்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. எச்சரிக்கை ஒலி என்பது கட்டளையும்கூட. கட்டளை இடுபவர் யார் என்று கேட்காத கருவியை வாங்காதீர்கள், மாட்டாதீர்கள்.

வாங்குகிற அலுவலகங்களுக்கு, சுருக்கமாக

• சத்தம் எவ்வளவு என்று அளப்பதோடு நிற்காமல், பேச்சு எவ்வளவு தெளிவு என்று அளக்கச் சொல்லுங்கள். எஸ்.டி.ஐ. என்ற குறியீடு அதை 0 முதல் 1 வரை அளக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாற்றுத்திறனாளி அணுகல் விதி குறைந்தது 0.45 கேட்கிறது. காலிப் பெட்டியில், நின்ற வண்டியில் அளந்த கணக்கை வாங்காதீர்கள்.

• யார் பேச்சு யாருடையதை வெட்டும் என்ற வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவசர அறிவிப்பு, ஓட்டுநர், கார்டு, கட்டுப்பாட்டு அறை, நிலையப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் விளம்பரம். விளம்பரம் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

• பழையசீவரம், வில்லியம்பாக்கம், நத்தப்பேட்டை ஆகிய பெயர்களை அந்தப் பக்கத்து ஆட்களை வைத்துப் பதிவு செய்யுங்கள். கணினிக் குரலானால் அவர்களைக் கேட்க வைத்துத் திருத்துங்கள். தமிழ் முதலில் வரட்டும்.

• திரை வைத்துவிட்டோம், குரல் எதற்கு என்று நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரி 26-ல் சென்னை சென்ட்ரலில் ரயில் அறிவிப்புகளை நிறுத்திப் பார்த்தார்கள். பார்வையற்றோரும் படிக்கத் தெரியாதோரும் திண்டாடினார்கள். சில நாட்களிலேயே குரல் திரும்பி வந்தது. குரல் மட்டும் வைத்துத் திரையை விடுவதும் இதே தப்பு. காது கேளாதவரும் டிக்கெட் வாங்கித்தான் வருகிறார்.

• பராமரிப்பில் பழுது பதியும் புத்தகத்தைக் கணக்காகக் கேளுங்கள். எந்தப் பெட்டி, எத்தனை நாள் ஊமையாக ஓடியது என்று அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், பயணிகளுக்கே. ஸ்பீக்கர் கரகரக்கும் பெட்டியிலோ ஒரு வார்த்தையும் பேசாத பெட்டியிலோ பயணம் செய்தால், பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கச் சுவரில் எழுதியிருக்கும். வண்டி, தேதி, நேரம், பெட்டி எண் ஆகிய நான்கையும் சேர்த்து 139-க்குச் சொல்லுங்கள் அல்லது ரயில் மதத் செயலியில் பதியுங்கள். விசிறி ஓடவில்லை என்று புகார் கொடுக்கிறோம், விளக்கு எரியவில்லை என்று கொடுக்கிறோம். ஸ்பீக்கர் பேசவில்லை என்றும் கொடுங்கள்.